எல்லையில் ஏவல்: யார், யாரிடம், எப்படிச் சொல்வது?

களியக்காவிளையைத் தாண்டி இஞ்சிவிளை வழியே பாறசாலைக்குள் நுழைபவரின் கண்ணில் முதலில் படுவது எழுத்தின் மாற்றம். தமிழ் எழுத்து பின்தங்கிவிட, மலையாள எழுத்து தொடங்குகிறது. சற்று ஊன்றிப் பார்த்தால் இன்னொரு மாற்றமும் தெரியும். தமிழ்நாட்டுப் பக்கத்துப் பலகைகள் ‘வரிசையில் நிற்கவும்’, ‘அமைதி காக்கவும்’, ‘எச்சில் துப்பாதீர்’ என்று சொல்கின்றன. கேரளப் பக்கத்தில் அவையே ‘க்யூ பாலிக்குக’, ‘நிசப்தத பாலிக்குக’, ‘துப்பருது’ என்று ஆகின்றன. மாநிலம் மாறும்போது ஆணையின் இலக்கணமும் மாறுகிறது. ஆணைக்கு உட்படும் மக்கள் அவ்வளவாக மாறுவதில்லை. பாறசாலையிலும், நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடி ஊர்களிலும், விளவங்கோட்டின் மேற்குப் பகுதியிலும் ஒரே குடும்பம் இரு மாநிலங்களில் கிளை விரித்திருக்கிறது. சந்தையும் கோயிலும் தேவாலயமும் திருமண உறவும் எல்லைக் கல்லைப் பொருட்படுத்துவதில்லை.

இந்த நிலப்பகுதியின் ஏவல் வினையைப் பற்றி மொழியியல் துறைகள் பேசியது மிகக் குறைவு. வேற்றுமை உருபு, காலம் காட்டும் இடைநிலை, சொற்கடன் ஆகியவை ஆய்வேடுகளில் இடம்பெறும் அளவுக்கு ஏவல் இடம்பெறுவதில்லை. வினையடியே ஏவல், அதில் ஆராய என்ன இருக்கிறது என்ற எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் தவறு. ஒரு மொழியில் மிகச் சிறிய வடிவமும் மிகப் பெரிய சமூகச் சுமையும் ஒன்றாகத் தங்கும் இடம் ஏவல்தான். இரு மொழிகள் கலக்கும் எல்லைக் கிராமங்களில் அச்சுமை இரட்டிப்பாகிறது.

வகுப்பறையில் ஏவல் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதைப் பார்ப்பது நலம். கேரளத்தின் மேல்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உண்டு. அவ்வகுப்பில் ஏவல் ஓர் அட்டவணையாக வருகிறது. நிகழ்கால வினைமுற்றிலிருந்து எழுவாயை நீக்கிவிட்டால் ஏவல் கிடைக்கும். ‘தூ’ என்னும் நீ, ‘நூ’ என்னும் நாம், ‘வூ’ என்னும் நீங்கள் ஆகிய மூன்றுக்கு மட்டுமே ஏவல் வடிவம் உண்டு. ‘பார்லே’ வகை வினைகளில் ஒருமை ஏவலின் இறுதி எஸ் எழுத்து விழுந்துவிடும். செவிக்கு அந்த இழப்பு தெரியாது. பின்னால் ‘இ’ அல்லது ‘ஆன்’ என்னும் சுட்டுச்சொல் வந்தால் விழுந்த எழுத்து மீண்டும் வந்து ஒட்டிக்கொள்ளும். ‘வா’ என்பது ‘வாஸி’ ஆவது அப்படித்தான். உடம்படுமெய் படித்த தமிழ் மாணவருக்கு இதில் வியப்பு இராது. இரண்டு உயிர்கள் மோதாதிருக்க ஒரு மெய் நடுவே வருகிறது. இருத்தல், உடைமை, அறிதல், விரும்புதல் என்னும் நான்கு பொருள்களைத் தரும் வினைகள் மட்டும் விதிவிலக்காகத் தனி வடிவம் கொள்கின்றன: ‘ஸ்வாயே’, ‘எயே’, ‘சாஷே’, ‘வெயே’. உடன்பாட்டில் பதிலிப்பெயர் வினைக்குப் பின்னும், எதிர்மறையில் முன்னும் வரும்.

இந்த ‘வா’ என்ற சொல்லில் எல்லைக் கிராமத்து மாணவர் ஒருமுறையாவது தடுமாறுவார். பிரெஞ்சில் அதன் பொருள் ‘போ’. தமிழிலும் மலையாளத்திலும் நேர் எதிர்ப்பொருள். வகுப்பு சிரித்துவிட்டு அடுத்த அட்டவணைக்குப் போகிறது. அங்கே நின்று கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போகிறது: மாணவரின் வீட்டில் ‘வா’ என்று யார் யாரிடம் சொல்லலாம், யார் சொல்லக் கூடாது?

தமிழ் இலக்கணம் இக்கேள்வியை அறியாததன்று. தொல்காப்பியம் முன்னிலைப் பன்மைக்கு இர், ஈர், மின் ஆகியவற்றை ஈறுகளாகக் கொள்கிறது; வியங்கோளைப் படர்க்கைக்கு உரியதாக்கி, தன்மையிலும் முன்னிலையிலும் அது நிலைபெறாது என்கிறது. நன்னூல் காலத்தில் நிலைமை மாறிவிட்டது. க, ய, ர் ஈற்று வியங்கோள் எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் பொதுவாகிறது. அதாவது, எதிரில் நிற்பவரை நேராக ஏவாமல், ‘இது நிகழ்க’ என்று நிகழ்வை விரும்பும் வடிவம் மெல்ல மெல்ல முன்னிலையையும் தன்னுள் இழுத்துக்கொண்டது. மதிப்புக்குரியவரை நேரடியாக ஏவுவதைத் தவிர்க்கும் போக்கு இவ்வளர்ச்சிக்குத் துணைநின்றிருக்க வேண்டும். இன்றைய தமிழில் வியங்கோள் ‘வாழ்க’, ‘ஒழிக’ என்னும் முழக்கங்களிலும், ‘வருக’ என்னும் வரவேற்பு வளைவுகளிலும், வினாத்தாளின் ‘விடை எழுதுக’ என்னும் கட்டளையிலும் எஞ்சியிருக்கிறது. பேச்சில் அது இல்லை. பலகையில் அதன் இடத்தை ‘செய்யவும்’ பிடித்துக்கொண்டது. பன்மை ஏவலாகிய ‘செய்ம்மின்’ மறைந்து, ‘செய்யுங்கள்’ வந்துவிட்டது.

மலையாளத்தில் இதே சரக்கு வேறு விதமாகப் பங்கிடப்பட்டுள்ளது. தமிழின் ‘மின்’ ஈற்றுக்கு உறவான ‘வின்’, ‘பின்’ ஈறுகள் மலையாள வேதாகமத்தில் ‘வருவின்’, ‘ஸ்துதிப்பின்’ என்று இன்றும் ஒலிக்கின்றன. தமிழ் வேதாகமம் அதே இடத்தில் ‘வாருங்கள்’, ‘துதியுங்கள்’ என்கிறது. சங்க இலக்கிய வகுப்பில் மட்டும் தமிழ் மாணவர் சந்திக்கும் ஓர் உருபின் உறவை, மலையாளத்தில் வழிபடும் எல்லைக்கிராமத்துக் கிறித்தவர் ஞாயிறுதோறும் கேட்கிறார். தமிழ் வியங்கோளின் ‘க’வோடு ஒத்து நிற்கும் ‘உக’ ஈறோ மலையாளத்தில் வினையின் பெயராகவே ஆகிவிட்டது. அகராதியில் ‘செய்யுக’ என்று தேடினால்தான் அவ்வினை கிடைக்கும். பலகையிலும் அதே ‘செய்யுக’ ஆணையாக நிற்கும். ‘எழுதுக’ என்னும் வினாத்தாள் சொல் இரு மொழிகளிலும் ஒலி மாறாமல் ஒன்றாகவே இருக்கிறது. எல்லையின் இருபுறத்து மாணவரும் தேர்வு அறையில் ஒரே ஏவலுக்கு உட்படுகிறார்கள்.

பிரெஞ்சு இங்கே துணைக்கு வருகிறது. ‘புகைபிடிக்காதீர்’ என்னும் அறிவிப்பைப் பிரெஞ்சு பெரும்பாலும் ஏவல் வடிவத்தில் எழுதுவதில்லை. ‘புகைபிடிக்காதிருத்தல்’ என்பது போல வினையின் பெயர் வடிவத்தில் எழுதுகிறது. சமையல் குறிப்பிலும் மருந்துச் சீட்டிலும் அவ்வாறே. காரணம் எளிது. ஏவல் வடிவத்தைத் தேர்ந்தால் ‘தூ’வா ‘வூ’வா என்று முடிவு செய்தாக வேண்டும். முகம் தெரியாத வாசகரிடம் அம்முடிவைத் தவிர்க்க வினைப்பெயர் வழி தருகிறது. மலையாளத்தின் ‘பாலிக்குக’வும் தமிழின் ‘காக்கவும்’ என்பதும் செய்யும் வேலையும் இதுவே: எதிரில் இருப்பவரின் தகுதியைச் சொல்லாமல் ஆணையை மட்டும் சொல்வது. ‘நில், கவனி, செல்’ என்னும் சாலைப் பலகை ஒருமையில் இருந்தும் எவரும் சினம் கொள்வதில்லை. பலகைக்கு முகம் கிடையாது. அதே ‘நில்’ ஒரு காவலரின் வாயிலிருந்து வந்தால் அது வேறு செய்தி.

அட்டவணை உடையும் இடம் இங்கேதான். பாடநூல் ‘வூ’ என்பதற்குத் தமிழில் ‘நீங்கள்’ என்றும் மலையாளத்தில் ‘நிங்ஙள்’ என்றும் பொருள் தந்து முடித்துவிடும். தமிழில் ‘நீங்கள் சொல்லுங்கள்’ என்பது எந்த அலுவலரிடமும் கூசாமல் சொல்லத்தக்கது. தென்கேரளத்தில் மேலானவர் எனக் கருதப்படுபவரை ‘நிங்ஙள்’ என்று விளிப்பது மரியாதைக் குறைவாகவே கேட்கும். அங்கே ‘சார்’ என்றோ உறவுப் பெயரிட்டோ அழைத்து, முன்னிலைப் பெயரைத் தவிர்ப்பதே வழக்கம். தமிழை வீட்டு மொழியாகக் கொண்ட ஒருவர் தம் பணிவை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றி ‘நிங்ஙள் பறயூ’ என்றால், எதிரே இருப்பவருக்கு அது துடுக்குத்தனமாகப் படலாம். பேசியவர் தவறு செய்யவில்லை. கேட்டவரும் தவறாகக் கேட்கவில்லை. இரண்டு மரியாதை முறைகள் ஒரே வடிவத்தின் மேல் வந்து மோதிவிட்டன.

மறுபுறமும் இது நிகழ்கிறது. நெல்லை, குமரி வழக்கில் ‘நீர்’ என்பதும் ‘வாரும்’, ‘இரியும்’ என்பதும் ஒருமைக்கும் உயர்மரியாதைக்கும் இடைப்பட்டவை. ஒத்தாரிடையே நெருக்கத்தையும் மதிப்பையும் ஒருங்கே காட்டுபவை. பொதுத்தமிழ் மட்டும் அறிந்த அலுவலருக்கு அவை ‘நீங்கள்’ என்பதிலிருந்து ஒரு படி இறங்கியவையாகத் தோன்றும். ‘இரி’ என்னும் வினை குமரியின் மேற்குப் பகுதிக்கும் மலையாளத்துக்கும் பொது. சென்னையிலிருந்து வந்தவருக்கு அது பழமையாகவோ கொச்சையாகவோ கேட்கும். எல்லைக் கிராமத்து ஏவலை ஒருவர் ‘கெட்ட தமிழ்’ என்பதும் மற்றொருவர் ‘கெட்ட மலையாளம்’ என்பதும் இவ்வாறு உருவான தீர்ப்புகளே. இவ்வேவலுக்குத் தனக்கென ஓர் ஒழுங்கு உண்டு என்ற கருதுகோளோடு அதை அணுகியவர் சிலரே.

எதிர்மறை ஏவலில் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. தமிழில் ‘போக வேண்டாம்’ என்பது ‘போகத் தேவையில்லை’ என்றும் பொருள்படும், ‘போகாதீர்கள்’ என்றும் பொருள்படும். அரசின் எச்சரிக்கைகள் இவ்விரண்டாம் பொருளில் அதைத் தாராளமாக ஆள்கின்றன. மலையாளத்தில் ‘போகண்ட’ என்பது முதன்மையாகத் தேவையின்மை பக்கம் சாய்வது. உறுதியான விலக்குக்கு ‘போகருது’ இருக்கிறது. ஆகவே ‘கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்ற தமிழ் அறிவிப்பும் ‘கடலில் போகருது’ என்ற மலையாள அறிவிப்பும் ஒரே ஆணையானாலும் காதில் விழும் அழுத்தம் ஒன்றன்று. இன்னொன்று, ‘போகல்லே’ என்னும் மலையாளச் சொல் ‘போய்விடாதே’ என்னும் கெஞ்சல். தமிழ்ப் பேச்சின் ‘போகலே’யோ ‘போகவில்லை’ என்னும் செய்தி. ஒரு லகர மெய்யின் இரட்டிப்பில் கெஞ்சலும் செய்தியும் பிரிகின்றன. ‘செய்யாதே’ என்பது தமிழில் விலக்கு; அதன் உடன்பிறப்பான ‘செய்யாதெ’ மலையாளத்தில் ‘செய்யாமல்’ என்னும் எச்சம்.

இலக்கண நூலார் இந்த நுட்பங்களை அறிந்திருந்தனர். ஏ. ஆர். ராஜராஜவர்மாவின் கேரளபாணினீயம் வினையின் பிரகாரங்களைப் பிரிக்கும்போது, கட்டளையாகிய நியோஜகத்தையும், ‘செய்யணம்’ என்னும் விதாயகத்தையும், ‘செய்யாம்’ என்னும் அனுஞ்ஞாயகத்தையும் தனித்தனியே வைக்கிறது. ‘வரணம்’ என்பது மலையாளத்தில் பணிவான அழைப்பாகவும் வரும். தமிழின் ‘வரணும்’ அச்சாயலை ஏற்றாலும் கடமையின் பக்கமே மிகுதியும் நிற்கும். விரும்புதல் பொருள் கொண்ட ‘வேண்டு’ என்னும் வினையிலிருந்தே இரு வடிவங்களும் வந்தன. பிரெஞ்சும் தன் பணிவான ஏவலாகிய ‘வெயே’ என்பதை விரும்புதல் பொருள் கொண்ட வினையிலிருந்தே எடுத்திருக்கிறது. ஆணையைப் பணிவாக்க விருப்பத்தைக் கடன் வாங்குவது எங்கும் காணும் உத்தி போலும்.

இவை வெறும் இலக்கண வேடிக்கைகள் அல்ல. இந்நிலப்பகுதியில் ஏவலுக்கு ஒரு கொடிய வரலாறு உண்டு. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் 1871இல் வெளியிட்ட நூலில், திருவிதாங்கூரின் அடிமைச் சாதியினர் மேற்சாதியார் முன் தம்மை ‘நான்’ என்று சொல்ல முடியாமல் ‘அடியன்’ என்றே சொல்ல வேண்டியிருந்ததையும், தம் சோற்றைச் சோறென்று சொல்லாமல் ‘கரிக்காடி’ என்று சொல்ல வேண்டியிருந்ததையும் பதிவுசெய்கிறார். அடிமைமுறையை ஒழிக்கும் திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பு 1855இலேயே வந்துவிட்டது. ஆயினும் சொல்லின் அடிமைத்தனம் சட்டத்தோடு ஒழியவில்லை. தன்மைப் பெயரே மறுக்கப்பட்டவருக்கு முன்னிலை ஏவல் எங்கிருந்து வரும்? ஒருவர் மற்றவரை ஏவலாம். மற்றவர் வேண்டிக்கொள்ள மட்டுமே முடியும். நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி வில்லுவண்டி ஏறிப் பொதுவழியில் சென்றதும், ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியை அழைத்துச் சென்றதும் இந்தச் சொல் ஒழுங்கின் மீதும் விழுந்த அடிகள். ‘விலகிப் போ’ என்னும் ஏவலுக்குக் கீழ்ப்படிய மறுத்தல் அவற்றின் உள்ளடக்கம்.

அவ்வரலாறு முடிந்துபோனது என்று சொல்ல இடமில்லை. 2021 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், காவல்துறையினர் பொதுமக்களை ‘எடா’, ‘எடி’, ‘நீ’ என்று விளிப்பதை நிறுத்த வேண்டும் என்று கூறி, அதற்கான சுற்றறிக்கை வெளியிடுமாறு காவல்துறைத் தலைவருக்கு உத்தரவிட்டது. பிரான்சிலும் இதற்கு இணை உண்டு. 2014 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுக் காவல்துறை ஒழுக்க விதித்தொகுப்பு, பொதுமக்களிடம் ‘வூ’ வடிவத்தையே ஆள வேண்டும் என்கிறது. அதே பிரான்சில் 1793இல் புரட்சியாளர்கள், சமத்துவத்தின் பெயரால் எல்லாரும் எல்லாரையும் ‘தூ’ என்றே அழைக்க வேண்டும் என்று முயன்றனர். ஒரு காலத்தில் ஒருமை சமத்துவமாகவும், இன்னொரு காலத்தில் அதே ஒருமை அவமதிப்பாகவும் ஆகிறது. வடிவத்துக்குத் தனியே மரியாதை கிடையாது; யார் யாரிடம், எவ்வதிகாரத்தோடு சொல்கிறார் என்பதே அதற்குப் பொருள் தருகிறது. பாறசாலையிலோ களியக்காவிளையிலோ காவல் நிலையத்துக்குள் நுழையும் ஒருவர் எம்மொழியில் ஏவப்படுகிறார் என்பதும், எப்படிப்பட்ட ஏவலை அவர் அவமதிப்பாக உணர்கிறார் என்பதும் சேர்ந்துதான் அந்நீதிமன்ற உத்தரவின் உட்பொருள் அங்கே நிறைவேறும்.

எல்லை வரையப்பட்ட விதமும் இங்கே நினைவுகூரத்தக்கது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய ஒன்பது வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அளித்த அறிக்கையின் வழியே 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. எந்தக் கோடும் மொழியைத் துல்லியமாகப் பிளக்காது என்பதை அன்றைய ஆட்சியாளரும் அறிந்திருந்தனர். அதனால்தான் ஏழாம் அரசியலமைப்புத் திருத்தம் 350ஏ, 350பி உறுப்புகளைச் சேர்த்தது. அதே 1956இல் நடுவண் அரசு வெளியிட்ட மொழிச் சிறுபான்மையினர் பாதுகாப்பு பற்றிய குறிப்பாணை, ஓரிடத்தில் சிறுபான்மையினர் 15 முதல் 20 விழுக்காடு இருந்தால் முக்கிய அரசு அறிவிப்புகளையும் விதிகளையும் அவர்கள் மொழியிலும் வெளியிடலாம் என்றது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும், சிறுபான்மைப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களோடும் தம் மொழியில் மடல் எழுதவும் அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் உரிமை தருகிறது.

இவ்வுரிமையின் திசையைக் கவனிக்க வேண்டும். குடிமகன் அரசிடம் வேண்டுவதற்கும் அரசு அவருக்கு விடையளிப்பதற்கும் அது வழி செய்கிறது. அரசு தானாக வந்து குடிமகனை ஏவும் இடம் வேறு: மருத்துவமனைச் சுவர், காவல் நிலைய வாயில், நியாய விலைக் கடை, கடற்கரை ஒலிபெருக்கி. வேண்டுகோளுக்கு மொழியுரிமை இருந்தும், கட்டளை வந்தடையும் மொழிக்கு அதே அளவு கவனம் கிடைக்கவில்லை.

ஒருவர் கேட்கலாம்: இரு மொழிகளும் இவ்வளவு நெருங்கியவையாயின், ‘பாலிக்குக’ என்பது தமிழருக்கும் ‘காக்கவும்’ என்பது மலையாளிக்கும் புரியாதா? காதுக்குப் புரியும். கண்ணுக்குப் புரியாது. எல்லைக் கிராமத்தின் தனித்தன்மை இதுதான். இங்கே மக்கள் இரு மொழிகளையும் கேட்டு வளர்கிறார்கள். படிப்பதோ ஓர் எழுத்தை மட்டும். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டமும், கேரளத்தில் 2017ஆம் ஆண்டின் மலையாள மொழிச் சட்டமும் பத்தாம் வகுப்பு வரை அவ்வம்மாநில மொழியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. இரண்டும் தத்தம் மொழியின் மீதுள்ள நியாயமான அக்கறையிலிருந்து பிறந்தவை. விளவங்கோட்டு மலையாளிக்கும் நெய்யாற்றின்கரைத் தமிழருக்கும் இரண்டாம் எழுத்து வாய்க்கும் வாய்ப்பை அவை விரிவாக்கவில்லை. முதியவர் ஓர் எழுத்தோடும், பேரர் வேறோர் எழுத்தோடும் ஒரே வீட்டில் வாழும் நிலை இங்கே அரிதன்று. சுவரில் தொங்கும் ஆணையைப் பேரன் படித்துச் சொன்னால்தான் பாட்டி அதற்குக் கீழ்ப்படிய முடியும்.

மக்கள்தொகைக் கணக்கின் விழுக்காட்டை அளவுகோலாகக் கொள்வதும் இங்கே உதவாது. கணக்கெடுப்பில் தாய்மொழி என்னும் கட்டத்தில் ஒரு பெயரே எழுத முடியும். வீட்டில் பிள்ளையை ஒரு மொழியில் ஏவி, வயலில் வேலையாளை மற்றொன்றில் ஏவி, ஆலயத்தில் மூன்றாவது நடையில் வேண்டுதல் செய்பவர் எந்தப் பெயரை எழுதுவார்? 15 விழுக்காட்டை எட்டவில்லை என்று சொல்லி அறிவிப்பை ஒருமொழியில் நிறுத்துவது, ஒருவர் ஒரு மொழிக்கே உரியவர் என்ற பிழையான கருத்தின் மேல் எழுந்த முடிவு.

தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் 1962இல் வெளிவந்த தம் சொற்பொழிவுத் தொகுப்பில், ஓர் ஆணை ஆணையாக நிறைவேறக் கேட்பவர் அதை ஆணையென ஏற்றறிதல் தேவை என்று விளக்கினார். கடற்கரையில் இது உயிர்ப் பிரச்சினை. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலில் கேரளம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களின் தென்கடற்கரையிலிருந்தும் நூற்றுக்கணக்கான மீனவர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். நெய்யாற்றின்கரை வட்டத்துப் பொழியூரும் அடுத்துள்ள குமரி மாவட்டத்து நீரோடியும் ஒரே மணற்கரையில் அடுத்தடுத்து இருப்பவை. எச்சரிக்கை காலம் தாழ்ந்தது என்பதே அன்று எழுந்த முதன்மைக் குற்றச்சாட்டு. மொழியை அதற்குக் காரணமாக்குவது நேர்மையாகாது. ஆனால் அப்பேரிடர் ஒன்றை ஐயமற உணர்த்தியது: போய்ச் சேராத ஏவல் ஏவலே அன்று. காலத்தால் சேராததைப் போலவே எழுத்தாலும் அழுத்தத்தாலும் ஏவல் சேராமற்போகலாம். ஒரே கரையில் ஒரு கூப்பிடு தொலைவில் ‘செல்ல வேண்டாம்’ என்றும் ‘போகருது’ என்றும் இருவேறு வலிமையில் அறிவிப்புகள் ஒலிக்கும்போது, எது விலக்கு, எது அறிவுரை என்பதில் ஐயத்துக்கு இடம் வைக்கக் கூடாது.

எல்லாப் பலகைகளையும் இருமொழியாக்கினால் செலவு மிகும் என்ற மறுப்பு உண்டு. எல்லாப் பலகைகளையும் ஆக்க வேண்டியதில்லை. உயிர், உடல், விடுதலை, உணவு ஆகியவற்றைத் தொடும் ஏவல்களை மட்டும் எல்லையின் இருபுறமும் இரண்டு எழுத்துகளிலும் வைத்தால் போதும். மருத்துவமனை, காவல் நிலையம், கடல் எச்சரிக்கை, நியாய விலைக் கடை என்று எண்ணிவிடலாம். இந்த எல்லைப் பகுதியில் தமிழ் தேய்ந்துகொண்டே வருகிறது, இனி எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. தேய்கிறது என்பது உண்மையே. தேய்பவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் என்பதும், மருத்துவமனைச் சுவரை அதிகம் பார்க்க நேர்பவர்கள் அவர்களே என்பதும் அதே அளவு உண்மை.

கல்விப்புலத்தின் கடமை வேறு. பிரெஞ்சு வகுப்பின் ‘தூ, நூ, வூ’ அட்டவணைக்கு முன்பாக, மாணவர் தம் வீட்டின் ஏவல்களை ஒரு தாளில் எழுதட்டும்: தாத்தாவிடம், தங்கையிடம், பேருந்து நடத்துநரிடம், ஆசிரியரிடம் ‘உட்கார்’ என்பதை எப்படிச் சொல்கிறார்கள்? அதன்பின் ‘வூ’ ஏன் எல்லா இடத்திலும் ‘நீங்கள்’ ஆகாது, ‘நிங்ஙள்’ ஏன் சில இடங்களில் ‘வூ’ ஆகாது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். ‘நூ’ வடிவ ஏவலைக் கற்பிக்கும்போது, தமிழில் ‘நாம் போவோம்’ என்பதே அழைப்பாகும், ‘நாங்கள் போவோம்’ அழைப்பாகாது என்பதைச் சேர்த்துச் சொல்லலாம். பிரெஞ்சுப் பெயர்ச்சொல் காட்டாத வேறுபாட்டைத் தம் மொழி காட்டுகிறது என்பது மாணவருக்கு ஊக்கமாகவும் அமையும்.

திருவனந்தபுரத்தில் மலையாள வட்டார வழக்கு அளவாய்வைத் தொடங்கி வைத்தவர் நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ. அய். சுப்பிரமணியம். அவ்வாய்வின் முதல் தொகுதி 1974இல் வெளிவந்தது. எல்லையின் இருமொழியையும் அறிந்த ஒருவர் தொடங்கிய அம்மரபுக்கு ஏவல் வினை ஒரு நல்ல தொடர்ச்சியாகும். காரியவட்டத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ பாறசாலை வெகு தொலைவில் இல்லை. சொற்பட்டியல் மட்டும் போதாது; யார், யாரிடம், எந்த வயதில், எந்தச் சாதி உறவில், எந்த இடத்தில் எந்த ஏவலைச் சொல்கிறார் என்பதும் பதிவாக வேண்டும். ‘வாரும்’ என்பதையும் ‘வரீன்’ என்பதையும் ஒரே தெருவில் கேட்டு, அவற்றின் இடத்தைச் சொல்லத் தெரிந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் இருமாநில மாணவரும் அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் அமர்க, கேட்க, எழுதுக.